கேப்டனின் கையெழுத்து, தரையின் முடிவு

விமானத்திலிருந்து பயணி ஒருவர் இறக்கிவிடப்பட்டார், தாமதத்தால் தகராறு மூண்டது என்று செய்தி வரும்போதெல்லாம் விமானத் துறையைச் சார்ந்தவர்கள் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: விமானத்தில் கேப்டன் சொல்வதே இறுதி. சொன்னவுடன் விவாதமும் அடங்கிவிடுகிறது. இந்தப் பதிலில் எனக்கு நெடுநாளாகவே உடன்பாடு இல்லை. கேப்டனுக்கு அதிகாரம் கூடிப்போனது என்பதல்ல என் குறை. முடிவுகளைத் தரையில் எடுத்துவிட்டு, பொறுப்பை மட்டும் காக்பிட்டுக்கு அனுப்பிவைக்க இந்த வாக்கியம் வசதியாக இருக்கிறது என்பதுதான்.

வானத்தில் கடைசிச் சொல் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்பதை மறுக்கவில்லை. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி ஒரு பயணிகள் விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் செயலிழந்தபோது, கட்டுப்பாட்டு அறை ஓடுபாதைகளைக் காட்டியது. கேப்டன் சல்லன்பெர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் உயிர் பிழைத்தனர். அங்கே கூடிப் பேச நேரமில்லை. பயணிகளிடம் ஒழுங்கை நிலைநாட்டும் அதிகாரத்தைக் கதவுகள் மூடிய கணத்திலிருந்து கேப்டனுக்குத் தரும் 1963ஆம் ஆண்டின் டோக்கியோ உடன்படிக்கையும் நியாயமானதே. கேப்டனின் அதிகாரம் தவறாகப் பயன்பட்டதும் உண்டு: மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷ் 2012இல் கொல்கத்தாவில் விமானத்திலிருந்து இறக்கப்பட்டார், அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆனால் கதவு மூடுவதற்குள் என்னென்ன முடிந்துவிடுகிறது என்று பாருங்கள்.

புறப்பாட்டுக்குச் சற்று முன் கேப்டனின் கைக்கு லோட் ஷீட் வருகிறது. இப்போது பல நிறுவனங்களில் திரையிலேயே வருகிறது. பயணிகள் எத்தனை, பெட்டிகளின் எடை, சரக்கு, எரிபொருள், எடை மையம் எங்கே விழுகிறது என எல்லாம் அதில் இருக்கும். கேப்டன் சரிபார்த்து ஏற்றுக்கொள்கிறார். ஆனால் சரக்கறைக்குள் என்ன இருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை; பார்க்கவும் முடியாது. பயணிகளின் எடைகூடப் பெரும்பாலும் சராசரிக் கணக்குதான். 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட்டில் ஏர் மிட்வெஸ்ட் விமானம் விழுந்து 21 பேரும் இறந்தார்கள். தாளில் எடை வரம்புக்குள்தான் இருந்தது. உண்மையில் விமானம் வரம்பை மீறியிருந்தது. வால்பகுதிக் கட்டுப்பாட்டுக் கம்பியும் பராமரிப்பில் தவறாகப் பொருத்தப்பட்டிருந்தது. இரண்டு பிழைகளுமே காக்பிட்டுக்கு வெளியே நேர்ந்தவை.

இதைவிடக் கொடுமையான சான்று கனடாவின் டிரைடன் விபத்து. 1989 மார்ச் 10. ஏர் ஒன்டாரியோவின் ஃபோக்கர் எஃப்-28, தண்டர் பே நகரில் நின்றது. ரத்தான வேறொரு விமானத்தின் பத்துப் பயணிகளையும் இதில் ஏற்றியதால் எடை கூடிவிட்டது. பயணிகளை இறக்கலாம் என்றார் கேப்டன். நிறுவனத்தின் இயக்கக் கட்டுப்பாட்டு அறை ஒப்பவில்லை. பயணிகள் இருக்கட்டும், எரிபொருளை இறக்குங்கள் என்றது. எரிபொருளை எடுத்ததில் நேரம் போயிற்று. எடுத்த எரிபொருளை அடுத்து நிற்கும் டிரைடனில் மீண்டும் நிரப்பியாக வேண்டும். விமானத்தின் துணை மின்னாக்கியான ஏபியு ஏற்கெனவே பழுது. எஞ்சினை அணைத்தால் திரும்ப இயக்கும் கருவி டிரைடனில் இல்லை. ஆகவே ஒரு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே, பயணிகளை உள்ளே வைத்துக்கொண்டு எரிபொருள் நிரப்பினார்கள். அதற்குள் பனி பெய்யத் தொடங்கியது. எஞ்சின் ஓடும்போது இறக்கைப் பனியை நீக்கும் வேலை செய்யக் கூடாது. பனி படிந்த இறக்கைகளோடு கிளம்பிய விமானம் ஓடுபாதையைத் தாண்டிக் காட்டில் விழுந்தது. 69 பேரில் 24 பேர் இறந்தார்கள்.

கிளம்பியது கேப்டனின் முடிவு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். சொன்னவர்களும் உண்டு. விபத்தை ஆராய்ந்த நீதிபதி மோஷான்ஸ்கியின் ஆணையம் அதோடு நிற்காமல் நிறுவனத்தையும் கனடாவின் போக்குவரத்துத் துறையையும் சேர்த்தே விசாரித்தது. அதனால்தான் அந்த அறிக்கை இன்றும் படிக்கப்படுகிறது. பயணிகளை இறக்கலாம் என்று கேப்டன் சொன்ன இடத்திலேயே ‘இறுதிச் சொல்’ அவரிடம் இல்லை. வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டு, மிக மோசமான ஒன்று மட்டும் மிஞ்சியபோதுதான் அது அவரிடம் வந்து சேர்ந்தது.

கேப்டனின் சொல் நிறுவனத்துக்கு உதவாதபோது அதன் கதி என்ன என்பதை நம் நாட்டிலேயே பார்த்தோம். 2020 ஜனவரியில் மும்பை–லக்னோ இண்டிகோ விமானத்தில் தொலைக்காட்சி நெறியாளர் அர்னாப் கோஸ்வாமியிடம் நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா கேள்விகளை அடுக்கி வீடியோ எடுத்தார். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ 2017இல் வகுத்த விதிப்படி, பயணிக்குத் தடை விதிக்கும் நடவடிக்கை கேப்டனின் புகாரிலிருந்து தொடங்க வேண்டும். ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு முடிவு செய்ய வேண்டும். நிறுவனமோ அன்றைக்கே ஆறு மாதத் தடையை அறிவித்தது. வேறு நிறுவனங்களும் தொடர்ந்து தடை விதித்தன. தன்னை யாரும் கேட்கவில்லை, அந்த நடத்தை விரும்பத்தகாததுதான் என்றாலும் விதியின் முதல் நிலைக் குற்றமாகக்கூட ஆகாது என்று அந்த விமானத்தின் கேப்டன் நிறுவனத்துக்கு எழுதினார். அவர் சொல் இறுதியாகவில்லை.

கேப்டன் மறுத்துவிடலாமே என்பார்கள். மறுக்கலாம்தான். மறுத்தால் அவர் பெயர் பதிவாகிறது. தாமதம் அவர் கணக்கில் ஏறுகிறது. எடை கூடும்படி ஆட்களை ஏற்றச் சொன்னவர் பெயரோ எங்கும் பதிவாவதில்லை. அமெரிக்க விதிகளில் ஓரளவு தீர்வு இருக்கிறது: உள்நாட்டு விமானம் புறப்பட, தரையிலிருந்து பயணத்தைத் திட்டமிட்டுக் கண்காணிக்கும், உரிமம் பெற்ற டிஸ்பாட்சரும் கேப்டனும் இருவருமே பாதுகாப்பு என்று நம்பிக் கையெழுத்திட வேண்டும். அங்கேயும் டிக்கெட் பிரிவும் சரக்குப் பிரிவும் அந்தக் கையெழுத்துக்கு வெளியேதான் நிற்கின்றன.

டிஜிசிஏவிடம் நான் கேட்பது பெரிதல்ல. கேப்டனின் பரிந்துரையைத் தரையில் எவர் மறுத்தாலும் அவர் தன் பெயர், நேரம், காரணம் மூன்றையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளும் லோட் ஷீட்டுடன் சேர்த்துப் பாதுகாக்கப்பட வேண்டும். அதுவரை ‘கேப்டன் சொல்வதே இறுதி’ என்று எந்த நிறுவனமும் அறிக்கை விடக் கூடாது.