பக்கவாத்தியம் வாசித்தவர்கள்: பொருநைக் கரையின் குணச்சித்திர நடிகர்கள்

ஹாலிவுட்டின் அகாதெமி, துணை நடிகருக்கென்று தனி விருது வழங்கத் தொடங்கியது 1936-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து. முதல் விருதைப் பெற்ற வால்டர் பிரென்னன், 1941-க்குள் அதே விருதை மூன்று முறை வாங்கிவிட்டார். அதே 1936-இல், எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் 'சதி லீலாவதி' என்ற தமிழ்ப் படத்தை எடுத்தார். எம்.ஜி.ஆருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் முதல் படம் என்பதால் அது இன்றும் பேசப்படுகிறது. டி.எஸ். பாலையாவும் அந்தப் படத்தில்தான் அறிமுகமானார். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துச் சுண்டங்கோட்டையில் 1914-இல் பிறந்தவர் அவர். இந்திய அரசின் தேசிய விருதுகளில் துணை நடிகருக்கு இடம் கிடைத்தது 1984-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான். பாலையா 1972-இலேயே மறைந்துவிட்டார்.

தாமிரபரணி பாயும் நாடும் அதைச் சுற்றிய பழைய திருநெல்வேலிச் சீமையும் தமிழ்த் திரைக்குத் தந்த நடிகர்களில் நாயகர்களைவிட நாயகனுக்கு அருகில் நின்றவர்களே நம் நினைவில் ஆழமாகத் தங்கியிருக்கிறார்கள். பாலையா, எஸ்.வி. சுப்பையா, டெல்லி கணேஷ், நெல்லை சிவா, நெல்லை தங்கராஜ் என்று வரிசைப்படுத்தினால் எண்பது ஆண்டுத் திரைவரலாறு கண்முன் வருகிறது. அந்த வரிசையில் ஒரு விசித்திரமும் தெரிகிறது. இந்த மண்ணின் நடிகர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணின் பேச்சைப் பேசிப் புகழ்பெறவில்லை. திருநெல்வேலித் தமிழ், திருநெல்வேலி நடிகர்களின் வாயில் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது.

அதற்கான காரணம் நாடகக் கம்பெனிகளில் இருக்கிறது. தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பால்மணம் மாறாத பையன்களைப் பல ஊர்களிலிருந்தும் சேர்த்து, பாட்டும் வசனமும் உருவேற்றி, ஒரே உச்சரிப்புக்குள் கொண்டுவந்தார்கள். நாடகம் இன்று மதுரையில் நடக்கும், நாளை தஞ்சாவூரில் நடக்கும், பிறகு கப்பலேறி இலங்கைக்கும் மலேயாவுக்கும் போகும். எல்லா ஊர்க் காதுக்கும் எட்டுகிற பொதுத் தமிழ் தேவைப்பட்டது. பையனின் நாக்கிலிருந்து அவனுடைய ஊரை எடுத்துவிடுவதுதான் பயிற்சியின் முதல் பாடம். கண்டிப்பான அந்தப் பள்ளியில்தான் தமிழ் சினிமாவின் முதல் இரண்டு தலைமுறை நடிகர்கள் உருவானார்கள். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை குரலை எட்டவைக்கவும், கோவலனானாலும் எமனானாலும் அன்றிரவு கிடைத்த வேடத்தை மறுக்காமல் போடவும் அங்கே கற்றுக்கொண்டார்கள்.

பாலையாவும் சிறு வயதிலேயே நாடகத்துக்குப் போனவர்தான். திரையில் முதலில் வில்லனாகவே நிலைத்தார். 'மதுரை வீரன்' காலத்துப் பாலையாவைப் பார்த்தவர்கள் அவரை ஒரு சூழ்ச்சிக்காரராகத்தான் எண்ணியிருப்பார்கள். வார்த்தையை மென்று, இழுத்து, கடைசி எழுத்தில் ஒரு வெட்டு வெட்டி நிறுத்துகிற அந்தப் பேச்சு எந்த ஊருக்கும் சொந்தமானதல்ல, பாலையாவுக்கே சொந்தமானது. ஆனால் அவருடைய உச்சம் பேச்சில் இல்லை, கேட்பதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில், படமெடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பா தன் தந்தைக்கு ஒரு திகில் கதை சொல்கிறான். அறுபது ஆண்டுகளாக நாம் அந்தக் காட்சியை நாகேஷின் காட்சி என்று சொல்லிவருகிறோம். அடுத்த முறை நாகேஷை விட்டுவிட்டு பாலையாவை மட்டும் பார்க்க வேண்டும். கதை தொடங்கும்போது அவர் முகத்தில் பணக்கார அப்பாவின் அலட்சியம் மட்டுமே இருக்கிறது. மகன் சத்தங்களை எழுப்ப எழுப்ப அந்த அலட்சியம் கரைகிறது. கண் விரிகிறது, உடம்பு உட்கார்ந்த இடத்திலேயே சுருங்குகிறது, நிறுத்தச் சொல்லவும் முடியாமல் கேட்காமல் இருக்கவும் முடியாமல் தவிக்கிறார். சிரிப்பு பிறப்பது அந்த முகத்தில்தான். நாகேஷ் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை எதிரில் இருப்பவரின் பயம் தீர்மானிக்கிறது. பாலையா ஒரு நொடி முன்னதாக மிரண்டிருந்தால் காட்சி அங்கேயே தீர்ந்துபோயிருக்கும்.

'திருவிளையாட'லின் (1965) ஹேமநாத பாகவதரும் அப்படித்தான். பாண்டியன் சபையில் பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்கு வாயசைத்து அவர் காட்டும் வித்யா கர்வத்தை எல்லோரும் புகழ்ந்தாயிற்று. இரவில் ஒரு விறகுவெட்டி பாட, அதைக் கேட்டு அந்தக் கர்வம் உடைந்துபோகும் இடமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. எதிராளியின் பாட்டு எவ்வளவு பெரிது என்பதைப் பார்வையாளர்கள் பாலையாவின் முகத்தை வைத்துத்தான் அளக்கிறார்கள். மூன்று ஆண்டு கழித்து 'தில்லானா மோகனாம்பா'ளில் சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாதசுரத்துக்குத் தவில் வாசிக்கும் முத்துராக்காக வந்தார். அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைக்கு அந்த வேடத்தைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. தனி ஆவர்த்தனம் சில நிமிடம். மற்ற நேரமெல்லாம் பாடுகிறவரைக் கேட்டு, அவர் விடும் இடத்தில் எடுத்துக்கொடுப்பதே பக்கவாத்தியக்காரர் வேலை.

மேற்கே, குற்றாலச் சாரல் தொடும் செங்கோட்டையிலிருந்து வந்தவர் எஸ்.வி. சுப்பையா. அவர் பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பரில்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் பயின்றவர். பாலையாவிடம் துள்ளல் என்றால் சுப்பையாவிடம் தணிவு. கொஞ்சம் நடுங்குகிற அந்தக் குரலில் எப்போதும் ஒரு மன்றாடல் இருக்கும். 'கப்பலோட்டிய தமிழன்' (1961) படத்தில் சிவாஜி வ.உ.சி.யாகவும், டி.கே. சண்முகம் சுப்பிரமணிய சிவாவாகவும் வர, பாரதியாக வந்தவர் சுப்பையா. ஓட்டப்பிடாரத்து வழக்கறிஞரும் எட்டயபுரத்துக் கவிஞரும் தங்களுக்குள் எந்தத் தமிழில் பேசியிருப்பார்கள் என்று அந்தப் படம் யோசிக்கவில்லை. மேடைத் தமிழே போதுமானதாக இருந்தது. அந்தக் காலத்துக்கு அது குறையுமல்ல. நடிப்பின் மீது சுப்பையா வைத்திருந்த பற்றுக்கு இன்னொரு சான்று 'காவல் தெய்வம்' (1969). ஜெயகாந்தனின் 'கைவிலங்கு' கதையைத் தானே தயாரித்து, சிறை அதிகாரியாக நடித்தார். பணம் பண்ணுவதற்கு எடுக்கிற கதையல்ல அது.

இத்தனைக்கும், எழுத்தில் நெல்லைப் பேச்சு எப்போதோ வந்துவிட்டது. புதுமைப்பித்தன் 1930-களிலேயே திருநெல்வேலிப் பிள்ளைமார் வீட்டுத் திண்ணைப் பேச்சை அச்சேற்றிக் காட்டிவிட்டார். அவரும் சினிமாவுக்குப் போனார். 'ராஜமுக்தி'க்கு வசனம் எழுதப் புனே சென்றவர், காசநோய் முற்றி 1948-இல் மறைந்தார். அவருடைய 'சிற்றன்னை'யைத் தழுவி மகேந்திரன் 'உதிரிப்பூக்கள்' எடுத்தது 1979-இல்.

அதே 1979-இல் வெளிவந்தது துரையின் 'பசி'. அதில் சென்னைச் சேரியின் ரிக்‌ஷாக்காரராக, ஷோபாவின் அப்பாவாக நடித்தவர் வல்லநாட்டுக்காரர். நெல்லையிலிருந்து தூத்துக்குடி போகிற சாலையில், தாமிரபரணிப் பாலத்தையும் வெளிமான் சரணாலயத்தையும் ஒட்டிய ஊர் வல்லநாடு. கணேசன் அங்கே 1944 ஆகஸ்ட் 1 அன்று பிறந்தார். 1964 முதல் பத்தாண்டுகள் இந்திய விமானப்படையில் வேலை. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவின் மேடையேறினார். பிறகு சென்னையில் காத்தாடி ராமமூர்த்தியின் குழு. விசுவின் 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தை கே. பாலசந்தர் 1977-இல் படமாக்கியபோது திரைக்கு வந்தார். வல்லநாட்டுக் கணேசன் டெல்லி கணேஷ் ஆனார். பிறந்த ஊரை விட்டுவிட்டு வேலை பார்த்த ஊரைப் பெயரில் சேர்த்துக்கொண்டது எவ்வளவு பொருத்தம் என்பதை அடுத்த நாற்பது ஆண்டுகள் காட்டின.

அவர் நாடகக் கம்பெனிப் பையன் அல்ல. சபா நாடகத்தின் பிள்ளை. அலுவலகம் முடிந்து ஒத்திகைக்கு வருகிறவர்கள், நடுத்தர வர்க்கத்தின் வீட்டுக் கூடத்தை அப்படியே மேடையில் வைத்தவர்கள் வளர்த்த நாடகம் அது. அங்கே குரலை எட்டவைக்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரரைப் போலப் பேசினால் போதும். ஊர் உச்சரிப்பை அழிப்பது பழைய கம்பெனியின் பாடம் என்றால், எந்த ஊர் உச்சரிப்பையும் எடுத்து அணிந்துகொள்வது டெல்லி கணேஷ் கற்ற பாடம். 'பசி'யில் மெட்ராஸ் பாஷை. 'மைக்கேல் மதன காமராஜ'னில் (1990) பாலக்காட்டுச் சமையல்காரர் மணி ஐயர். கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்துவிட்ட செய்தி அந்த முகத்தில் இறங்குகிற விதத்துக்கு வசனமே வேண்டாம். 'நாயக'னில் (1987) பம்பாய்த் தமிழர்களுக்கு நடுவே, வேலு நாயக்கருக்காக இந்தி பேசித் துணைநிற்கும் ஐயர். 'அபூர்வ சகோதரர்க'ளில் ஈரமில்லாத கொலைகாரர்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு உயர்ந்ததாகப் படுவது 'சிந்து பைரவி' (1985). கச்சேரிக்குக் குடித்துவிட்டு வருகிற மிருதங்கக்காரர் குருமூர்த்தியைப் பாடகர் ஜே.கே.பி. மேடையிலிருந்து எழுப்பி அனுப்பிவிட்டு, மிருதங்கம் இல்லாமலே பாடுகிறார். அந்த இடத்தில் டெல்லி கணேஷுக்குக் கோபப்பட உரிமையில்லை, அழவும் சபை இடந்தராது. தப்பு தன்னுடையது என்று தெரிந்தவனின் கூச்சமும், தன் வாத்தியத்தை விட்டு எழுந்துபோக வேண்டிய வேதனையும் மட்டும் மிஞ்சுகின்றன. பின்னால் ஜே.கே.பி.யே குடியில் விழும்போது கதையின் கனம் கூடுவதற்குக் காரணம், முதல் காட்சியில் குருமூர்த்தியின் அவமானத்தை நாம் நம்பிவிட்டதுதான். பாலையாவின் தவிலுக்குப் பதினேழு ஆண்டு கழித்து, அதே சீமையிலிருந்து வந்த இன்னொரு பக்கவாத்தியக்காரர்.

நானூறு படங்களுக்கு மேல் நடித்தார். 'பசி'க்காக மாநில அரசின் சிறப்புப் பரிசு, பின்னர் கலைமாமணி. தேசிய விருது வரவில்லை. 2024 நவம்பர் 9 இரவு, எண்பதாவது வயதில் சென்னையில் காலமானபோது, பழைய சகாவுக்கு மரியாதை செலுத்த விமானப்படையினர் வந்தார்கள். அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருகிற வேடங்கள் எதிலும் வல்லநாட்டுப் பேச்சு இல்லை என்பது என்னை உறுத்துகிறது. இத்தனை வட்டார வழக்குகளைத் தோல்போல அணிந்த ஒருவருக்கு, அவருடைய சொந்த வழக்கில் ஒரு முழுமையான வேடத்தை எழுதித் தந்திருக்க வேண்டும்.

நெல்லைப் பேச்சுக்குத் திரையில் கதவைத் திறந்தது சிரிப்புதான். பணகுடியைச் சேர்ந்த நெல்லை சிவா, பாண்டியராஜனின் 'ஆண்பாவம்' (1985) மூலம் வந்தவர். பத்து வரி பேசினாலும் அந்த இழுவையும் ஏற்ற இறக்கமும் ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும். 'கண்ணும் கண்ணும்' (2008) படத்தில் கிணறு காணாமல் போய்விட்டதாக வடிவேலு புகார் கொடுக்க, அதைக் கேட்டுத் திணறும் போலீஸ் அதிகாரி அவர்தான். இங்கும் கேட்பவர் தடுமாறினால்தான் சிரிப்பு. அவர் 2021 மே மாதம் பணகுடியில் காலமானார். இடையில் ஹரியின் 'சாமி' (2003) திருநெல்வேலியையே கதைக்களமாக வைத்துப் பெருவெற்றி பெற்றது. அதில் ஊரையே ஆட்டிவைக்கும் பெருமாள் பிச்சையாக வந்து மிரட்டியவர் ஆந்திரத்தின் கோட்டா சீனிவாச ராவ். நல்ல நடிகர், சந்தேகமில்லை. ஆனால் நெல்லையின் வில்லனைத் தேடி நெல்லைக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் அப்போதும் வரவில்லை.

போனவர் மாரி செல்வராஜ். 'பரியேறும் பெருமா'ளில் (2018) நாயகனின் தந்தையாக அவர் தேர்ந்தெடுத்தது நடிகரை அல்ல. பெண் வேடம் கட்டி ஆடும் கூத்துக் கலைஞர் தங்கராஜை. படத்தின் தந்தைக்கும் அதே தொழில். சட்டக் கல்லூரியில் படிக்கும் மகன் அப்பாவை வெளிக்காட்டத் தயங்குகிறான். பிறகு அவரைக் கூட்டிவருகிறான். கல்லூரி மாணவர்கள் அந்த மனிதரின் வேட்டியை உருவி, சாலையில் ஓடவிடுகிறார்கள். கூனிக் குறுகி ஓடுகிற அந்த உடம்பு நடிப்புப் பள்ளியில் செய்ததல்ல. ஆண்டுக்கணக்கில் இரவெல்லாம் ஊர்ச் சனங்களின் முன் ஆடி, கேலியையும் கைதட்டலையும் ஒன்றாக வாங்கிய உடம்பு. அவர் வாயில் வருகிற தமிழும் எழுதிக்கொடுத்து வந்ததில்லை.

படம் கொண்டாடப்பட்ட பிறகும் தங்கராஜின் வறுமை தீரவில்லை. நெல்லையில் அவர் குடியிருந்த வீட்டின் நிலை செய்தியான பிறகே மாவட்ட நிர்வாகம் உதவிக்கு வந்தது. 2023 பிப்ரவரியில் இறந்துபோனார். அதே ஆண்டு நவம்பரில் பாலையாவின் மகன் ஜூனியர் பாலையாவும் மறைந்தார். 'கரகாட்டக்கார'னிலிருந்து 'சாட்டை' வரை அவரும் துணை வேடங்களிலேயே வாழ்ந்தவர். அடுத்த ஆண்டு டெல்லி கணேஷ்.

நாயகர்களுக்கு மணிமண்டபம் இருக்கிறது, வாழ்க்கை வரலாறு இருக்கிறது. இவர்களுக்கோ படங்களின் பட்டியலும் இறந்தநாள் செய்தியுமே மிச்சம். எந்த வாத்தியாரிடம் எதைக் கற்றார்கள், வசனத்தை எப்படிப் பாடம் செய்தார்கள், சொந்தப் பேச்சை எங்கே விட்டார்கள் என்ற கேள்விகளை ஆற அமர உட்கார்ந்து கேட்டுப் பதிவுசெய்ய இன்னும் சிலர் மீதமிருக்கிறார்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறைக்கு இந்தச் சீமையின் கலைஞர்களைத் தேடிப்போய்ப் பதிவுசெய்த நீண்ட அனுபவம் உண்டு. கூத்து மேடையிலிருந்தும் நாடகத்திலிருந்தும் திரைக்குப் போனவர்களுக்கும் அந்தப் பதிவுகளில் இடம் ஒதுக்க வேண்டும். முதலில் வயதானவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.