சூடிக்கொடுத்தவளும் மாலதாசரியும்

திருவில்லிப்புத்தூரிலிருந்து ஆண்டுதோறும் புரட்டாசியில் ஒரு மாலை திருப்பதிக்குச் செல்கிறது. சித்திரையில் இன்னொன்று, வைகையில் இறங்கும் அழகருக்காக மதுரைக்குச் செல்கிறது. இரண்டும் ஆண்டாள் சூடிக் களைந்தவை. கோயிலுக்கெனத் தந்தை பெரியாழ்வார் தொடுத்து வைத்த மாலையை மகள் முன்னதாகவே சூடிப் பார்த்தாள். கண்ட தந்தை வருந்தினார். இறைவனோ அவள் சூடியதே தனக்கு வேண்டும் என்றான். வைணவ குருபரம்பரை நூல்கள் இவ்வாறு கூறுகின்றன. அன்று குற்றமாகத் தோன்றியது இன்று மரபாக நடைபெறுகிறது.

'நான் நானாக வாழ்வேன்' என்பாருக்கு இந்த வரலாறு இந்நாளில் வசதியான சான்றாகிவிட்டது. மனம் விரும்பியதைச் செய்தாள், வென்றாள் என்கின்றனர். அவள் பூமிப்பிராட்டியின் அவதாரம், ஆதலால் அதனை மானிடப் பெண்ணொருத்தியின் துணிவாகக் கருதலாகாது என்பாரும் உளர். 2018 சனவரியில் கவிஞர் வைரமுத்து இராசபாளையத்தில் ஆற்றிய உரையை அடுத்து மூண்ட பூசலில், அவள் யார் என்பது பற்றி ஊரெல்லாம் பேசிற்று. அவள் பாடியது என்ன என்று நூலைத் திறந்து பார்த்தோர் குறைவே என்று நமக்குத் தோன்றியது.

இவ்விரு விளக்கங்களிலும் அடங்காத ஒன்றைக் காட்டும் நூல், 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் இயற்றிய 'ஆமுக்தமால்யத'. சூடிக் களைந்த மாலையைத் தந்தவள் என்பதே அப்பெயரின் பொருள். கிருஷ்ணை ஆற்றங்கரையிலுள்ள ஸ்ரீகாகுளத்தில் தங்கியபோது, இக்கதையைத் தெலுங்கில் பாடுமாறு ஆந்திர விஷ்ணு தம் கனவில் பணித்ததாக அரசர் நூலின் தொடக்கத்தில் கூறுகிறார். அதனைத் தமிழாக்கிச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றவர் இராசபாளையத்துப் பன்மொழி அறிஞர் மு.கு. ஜகந்நாத ராஜா (1933–2008). இராசபாளையத்திற்கும் திருவில்லிப்புத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆயினும் பக்கத்து ஊர்ப் பெண்ணின் கதை விசயநகரம் வரை சென்று, நானூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்து, தெலுங்கு வழியாக இவ்வூருக்கு வந்து சேர்ந்தது! வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசும் குடும்பங்கள் நிறைந்த ஊரில் அதற்கொருவர் வாய்த்தது பொருத்தமே.

ஆறு ஆசுவாசங்கள் கொண்ட இக்காவியத்தில் ஆண்டாளைத் தேடிச் செல்வோர் சற்று ஏமாற்றமடைவர். பெரியாழ்வாரின் வாதம், யாமுனாசாரியர் வரலாறு, புகழ்பெற்ற கோடை, மழைக்கால வருணனைகள் என நூல் விரிந்துகொண்டே போகிறது. கோதை வரும்போதும், முடி முதல் அடி வரை உவமை அடுக்கும் காவிய மரபுக்குள் அவள் சிறைப்படுகிறாள். அரசர் அவளை அழகாகப் பார்க்கிறார். ஆனால் நாச்சியார் திருமொழியில் நாம் கேட்கும் 'நான்' என்னும் அக்குரல் இங்கே அடங்கிவிடுகிறது.

அத்திருமொழி பதினான்கு பதிகங்கள், 143 பாடல்கள். அவற்றுள் ஆறாம் பதிகமாகிய திருமணக் கனவை வைணவ இல்லங்களில் மணநாளன்று பாடுகின்றனர். மற்றவை அத்துணை இணக்கமானவை அல்ல. முதற் பதிகத்தில் அவள் காமதேவனிடமே மன்றாடுகிறாள். பின்னர்க் குயிலை ஏவுகிறாள், சங்கினிடம் பொறாமை கொள்கிறாள், மேகத்தைத் தூது விடுக்கிறாள், வராத இறைவனிடம் சினந்தும் பேசுகிறாள். செபத்திற்கு ஏற்ற முகம் ஒன்றை அணிந்துகொண்டு அவள் இறைவன் முன் வரவில்லை. நம் திருப்பாடல் ஆசிரியர்களும் அப்படியே முறையிட்டனர் என்பதையும், இனிமைமிகு பாடலுக்கு 86 மறையுரைகள் எழுதியும் புனித பெர்நார்து அதனை முடிக்க இயலவில்லை என்பதையும் அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது.

மானிடர்க்கு உரியவள் எனப் பேச்செழுந்தாலே உயிர் வாழேன் என்னும் பொருள்பட அவள் பாடுவதை வெறும் பிடிவாதமென ஒதுக்க நம்மால் இயலவில்லை. நம் கோவில்களில், கட்டாயமின்றி, முழு மனத்துடன் வந்திருக்கிறீர்களா என்று மணமக்களைக் குரு வினவுகிறார். அச்சம்மதத்தை வேறெந்த மனித அதிகாரமும் ஈடு செய்ய இயலாது எனத் திருச்சபைச் சட்டம் (எண் 1057) தெளிவாகக் கூறுகிறது. ஆனால் மண்டபத்திற்கு முன்பணம் கட்டி, அழைப்பிதழ் அச்சடித்து, உறவினர் அனைவரும் வந்து அமர்ந்த பிறகு, 'ஆம்' என்பதன்றி அப்பெண் வேறென்ன சொல்வாள்? அவ்வினாவை வீட்டிலேயே, நிச்சயத்திற்கு முன்பே, மகளின் முகம் பார்த்துக் கேட்கும் பெற்றோர் எத்தனை பேர்? ஆண்டாளைப் புகழ்வோர் வீடுகளிலும் இவ்வினா கேட்கப்படுவது அரிதே.

அரசரின் நூலிலும் ஒரு தந்தை கலங்குகிறார். மகள் ஏன் இவ்வாறு மெலிகிறாள் என்று பெரியாழ்வார் இறைவனிடம் கேட்கிறார். இறைவன் நேரடியாக விடை தாராமல் ஒரு கதையைச் சொல்கிறான். நூலின் உயிர் இங்கேதான் இருக்கிறதென்பது நம் கருத்து.

தீண்டத்தகாதவர் எனத் தள்ளப்பட்ட குலத்துப் பாணன் ஒருவன், திருக்குறுங்குடிக் கோயிலுக்கு வெளியே நின்று நாள்தோறும் விடியலில் பாடி வருகிறான். ஒருநாள் பொழுது தெரியாது இருளிலேயே புறப்பட்டு வழி தவறி, ஆலமரத்தடியில் ஒரு பிரம்மராட்சதனிடம் அகப்படுகிறான். பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன், பிறகு உண்பாயாக என்கிறான். அரக்கன் நகைக்கிறான். ஆணைகள் பல இட்ட பின்னரே விடுகிறான். பாணன் சென்றான், பாடினான், திரும்பினான். வேறு வழியாக வீட்டிற்குப் போயிருக்கலாம், கேட்பார் எவருமில்லை. கொல்ல வருபவனுக்குக் கொடுத்த சொல்லை மீறுவது பாவமாகாது எனத் தேற்றிக்கொள்ளவும் வாதங்கள் கிடைத்திருக்கும். (நாம் குருமடத்தில் பயின்ற ஒழுக்கவியல் நூல்களிலேயே கிடைத்திருக்கும், அச்சத்தால் பெறப்பட்ட வாக்குறுதி கட்டுப்படுத்துமா என்பது அங்கே நெடிய விவாதம்.) அவனோ காலையில் பாடிய அதே வாயால் பொய்யுரைக்க அறியாதவனாய் ஆலமரத்தடிக்கு வந்து நின்றான். அரக்கன் உருகி, உண்பதை விட்டு அப்பாட்டின் பலனை யாசித்து, பெற்று, மீட்படைகிறான்.

வராக அவதாரத்தில் இக்கதையைக் கேட்ட பூமிப்பிராட்டியே, தானும் அவ்வாறு பாட விழைந்து உன் மகளாய்ப் பிறந்தாள் என்று இறைவன் முடிக்கிறான். அந்தணர் இல்லத்தில் வளர்ந்தவளின் பாட்டிற்கு ஊற்றுக்கண், கோயிலுக்குள் நுழைய இயலாதவனின் பாட்டு! பேரரசர் ஒருவர் அக்காலத்தில் இதனை எழுதத் துணிந்தது சிறிதன்று. மாலை சூடியதையும் மணம் மறுத்ததையும் விருப்பத்தின் வெற்றியாக மட்டும் காண்போர் இவ்விடத்தில் சற்று நின்று படிக்க வேண்டும். பாணன் தன் விருப்பத்தை நிறைவேற்றிக் கொள்ளத் திரும்பவில்லை. தன் சொல்லுக்காகத் திரும்பினான். ஆண்டாளின் மறுப்பும், யாருக்குத் தன்னைக் கொடுத்தாளோ அவனுக்கு அளித்த சொல்லின் மறுபுறமே என்று அரசர் நமக்கு உணர்த்துகிறார்.

ஒரு குறையைச் சொல்லாதிருக்க இயலவில்லை. அரக்கனுக்குக் கும்பஜானு என்று பெயருண்டு. முற்பிறப்பில் அவன் அந்தணனாயிருந்த காலத்துச் சோமசர்மன் என்னும் பெயரும் உண்டு. வாக்குத் தவறாத பாணனுக்கு அரசர் பெயரிடவில்லை. மாலதாசரி என்பது மாலர் குலத்து அடியான் என்று சாதியைச் சுட்டும் சொல்லே. இதற்கு மூலமான கைசிக மான்மியத்தைத் தமிழ் வைணவர் கூறும்போது அவனை நம்பாடுவான் என்கின்றனர். நம்முடைய பாடகன் என்பது அதன் பொருள். கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசி இரவில் திருக்குறுங்குடிக் கோயிலில் அவன் கதை நாடகமாக நடிக்கப்படுகிறது. இராசபாளையத்திலிருந்து தெற்கே செல்வோர் ஒருமுறை அதனைக் கண்டுவரலாம்.