பாக சம்பிரதாயமும் அதன் பிரமாணங்களும்

தமிழர் உணவைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் அதன் சுவையைப் பாராட்டுவதோடு அமைந்துவிடுகின்றனர்; ஆனால் சமையலை நூலும் வரம்பும் உடைய ஒரு சாஸ்திரமாகவே நம் முன்னோர் கருதினர் என்பதற்குச் சிறுபாணாற்றுப்படையே சான்று பகரும். ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் பாணர்க்கு அளித்த அடிசில், அருச்சுனனுக்குத் தமையனான வீமன் செய்த மடைநூலின் நெறியினின்று வழுவாதது என்று அந்நூல் சிறப்பிக்கின்றது. அத்தகைய நெறியைப் பேணி வந்த சம்பிரதாயங்களை நான்காக வகுத்துக் காணலாம்.

முதலாவது, நிலத்தின் சம்பிரதாயம். எயினர் குடியில் புளிச்சோறும் ஆமான் சூடும், ஆயர் சேரியில் பாலொடு தினைச்சோறும், உழவர் மனையில் வெண்சோறும் நண்டுக் கலவையும், அந்தணர் இல்லத்தில் மிளகும் கறிவேப்பிலையும் கூட்டி வெண்ணெயில் வெந்த மாதுளம்பிஞ்சும் மாவடுவும் பாணர்க்கு விருந்தாயின என்று ஆற்றுப்படைகள் உரைக்கின்றன. அந்தந்த நிலத்தில் விளைந்ததே அங்கங்கு உணவாயிற்று.

இரண்டாவது, கோயில் மடைப்பள்ளி. போர்ச்சுகீசியர் வழியே 16ஆம் நூற்றாண்டில் வந்த மிளகாயை ஏற்காது, மிளகையும் சுக்கையும் சீரகத்தையுமே கொண்டு நைவேத்தியம் சமைக்கும் மடைப்பள்ளிகள், பழைய பாகத்தை மாறாது காத்து வருகின்றன. காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு மந்தாரை இலை பரப்பிய மூங்கிற் குடலையில் வேகும் இட்டலி இதற்குத் தக்க உதாரணம்.

மூன்றாவது, அரண்மனை. தஞ்சையில் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் பெயரால் விளங்கும் சரபேந்திர பாகசாஸ்திரம் மராத்தியில் எழுந்தது. சரஸ்வதி மகால் நூலகத்தார் அதனைப் பேணி அச்சிலும் தந்துள்ளனர்.

நான்காவதான இல்லத்துச் சம்பிரதாயத்துக்குத்தான் ஏடுமில்லை, ஆகமமுமில்லை. கண்ணும் கையுமே அதன் பிரமாணம். கம்பை நீர் தெளித்து உரலில் இடித்து, தவிடு போகப் புடைத்து, மறுபடி இடித்து, கூழாகக் காய்ச்சிப் புளிக்க வைப்பதும், பல தோல்கள் மூடிய வரகை மண் திருகையில் பதமாய் உடைப்பதும் மாமியார் செய்ய மருமகள் கண்டு பழகிய வித்தைகள். பெண்டிரின் உடலை வருத்திய அவ்வுழைப்பை ஆலையும் மலிவான அரிசியும் நீக்கியது நன்மையே. அதனை யாரும் குறைகூற இயலாது. எனினும் உழைப்பு ஒழிந்தபோது அதனோடு பிறந்த பக்குவ ஞானமும் உடன் மறைந்தது.

இன்று மறுமலர்ச்சி தோன்றியுள்ளது. நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் வகைகளை மீட்டுக் கொடுத்தார். ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஆயினும், தவிடு முழுதும் தீட்டிய சாமையை அரிசிக்குப் பதிலாக இட்டு, அரிசிப் பொங்கலைப் போலவே கிண்டி, அதனைப் பாரம்பரிய உணவென்று பரிமாறுதல் தானியத்தை மீட்பதாகுமேயன்றிச் சமையலை மீட்பதாகாது. அளவும், பருவமும், பாத்திரமும், பக்குவமும் உடன் மீண்டாலன்றி அப்பணி நிறைவுறாது.

ஆகவே, ஊர்தோறும் மலர் வெளியிடும் அன்பர்கள், தம் ஊர் மூதாட்டியர் அறிந்த சமையலை அவர் கைப்பிடி அளவோடும் அடுப்பின் பதத்தோடும் கேட்டெழுதி, ஒவ்வொரு மலரிலும் சில பக்கங்களேனும் பதிப்பிக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். கோயிலும் அரண்மனையும் தம் பாகத்தைத் தாமே காத்துக்கொண்டன; இல்லத்தின் பாகத்தைக் காப்பது நம் கடமை.