பல்லை வெட்டுவது ஒளியா, நீர்த்துளியா?

கலிஃபோர்னியாவின் பயோலேஸ் நிறுவனம் 1998-இல் பெற்ற ஓர் அமெரிக்கக் காப்புரிமை துணிந்து ஒன்றைச் சொல்கிறது: பல்லை வெட்டுவது லேசரின் சூடு அல்ல, பல்லுக்கு முன்னால் தூவப்படும் நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை உறிஞ்சி வெடித்து, அந்த விசையால் வெட்டுகின்றன.

கருவியைச் செய்து பார்க்க நினைப்பவருக்கு இந்த விவரக்குறிப்பு பெரும்பாலும் கைகொடுக்கும். எந்த வகை லேசர், தூவல் முனை எப்படி அமைய வேண்டும், துளிகளை எப்படிக் கட்டுப்படுத்துவது என்றெல்லாம் அது பேசுகிறது. துறையில் சராசரித் தேர்ச்சி உள்ளவர் மிதமிஞ்சிய சோதனைகளில் இறங்காமல் செய்துவிட முடிய வேண்டும் என்பதே அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு கேட்பது. அந்த அளவில் குறை சொல்வது கடினம்.

தகராறு 'ஏன்' என்ற இடத்தில்தான். நிறுவனத்தின் கருவி பயன்படுத்தும் 2780 நானோமீட்டர் ஒளியை நீர் வலுவாக உறிஞ்சும், சரி. ஆனால் பல்லின் மேலுறையான எனாமலுக்குள்ளேயே சிறிதளவு நீர் இருக்கிறது. அதன் அடியிலுள்ள டென்டினில் அதைவிட அதிகம். அந்த நீர் நொடியில் ஆவியாகிப் பல்லைச் சிதறடிக்கிறது, வெளியே தூவும் நீர் முக்கியமாகக் குளிர்விக்கிறது என்பது எதிர்த்தரப்பு வாதம். தூவலையும் நீர்ப்படலத்தையும் ஒப்பிட்ட 2002-ஆம் ஆண்டு ஆய்வொன்றும் துளிகள் வெட்டுகின்றன என்பதற்குச் சான்று காணவில்லை. குளிர்விப்பு அற்ப வேலையும் அல்ல: வெப்பநிலை சுமார் 5.5 டிகிரி செல்சியஸ் ஏறினாலே பல்லின் உள்ளே இருக்கும் பற்கூழ் பாதிக்கப்படலாம் என்று 1965-இலேயே குரங்குகளில் நடந்த சோதனை காட்டியது.

தவறான காரணத்தை நம்பி நீரைத் தூவினாலும் பல் வெட்டுப்படும், பற்கூழும் பிழைக்கும். கருவி இயங்கினால் போதும், அதன் அறிவியல் காரணத்தைக் கண்டுபிடித்தவர் சரியாக அறிந்திருக்கத் தேவையில்லை என்பது அமெரிக்க நீதிமன்றங்களின் நெடுநாள் நிலைப்பாடு. எனக்கும் அதில் உடன்பாடுதான். அறிவியல் முடிவு வரும்வரை கருவிகளைக் காக்க வைத்தால், பாதி மருந்துக்கடை காலியாகிவிடும்!

ஆனால் இங்கே கோட்பாடு விளக்கப் பகுதியோடு நிற்கவில்லை. துளிகள் விரிந்து இலக்கின்மீது விசை செலுத்துவது உரிமைக்கோரலின் வாசகத்திலேயே ஏறிவிட்டது. கருவியைத் தெளிவாக விளக்கியவர்கள் உரிமையின் எல்லையை ஏன் சர்ச்சைக்குரிய இயற்பியலில் நட்டார்கள்? முனை, ஒளி, தூவல் என்ற அமைப்போடு நிறுத்தியிருக்கலாம். காப்புரிமை நடப்பில் இருந்த காலத்தில் ஒரு போட்டியாளர்மீது வழக்குத் தொடுத்திருந்தால், அவருடைய கருவியிலும் துளி வெடித்துத்தான் பல் பெயர்ந்தது என்று நிரூபிக்கும் சுமை உரிமையாளரின் தலையில்தான் விழுந்திருக்கும்.