கணக்கும் கடலும்

நம் வீடுகளில் ஒரு தலைமுறையினர் காட் என்னும் மீனைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதன் ஈரல் எண்ணெயை விழுங்கியிருக்கின்றனர். அந்த மீனுக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதத் துணிந்தவர் அமெரிக்க எழுத்தாளர் மார்க் குர்லான்ஸ்கி. 1997ஆம் ஆண்டு வெளிவந்த ‘காட்’ என்னும் அவரது ஆங்கில நூல், உலகை மாற்றிய மீனின் சரிதம் என்று தன்னை அறிவித்துக்கொள்கிறது. பாஸ்க் மாலுமிகளின் கடலோட்டம், உப்பு வாணிபம், ஐஸ்லாந்தும் பிரிட்டனும் மீனுக்காக மோதிக்கொண்ட வரலாறு ஆகிய யாவும் சுவைபட வருகின்றன. இடையிடையே சமையற்குறிப்புகள் வேறு! கருவாட்டு மணத்தோடு வளர்ந்த நமக்கு அவை அலுக்கமாட்டா. ஆயினும் நூலின் உயிர்நிலை அங்கில்லை. கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்க்கும் விஞ்ஞானிகளுக்கும் இடையே மூண்ட வழக்கிலே இருக்கிறது. அவ்வழக்கை ஆசிரியர் எவ்வளவு தூரம் விசாரித்திருக்கிறார் என்று பார்ப்போம்.

நூல் தொடங்கும் இடம் பெட்டி ஹார்பர் என்னும் சிற்றூர். 1992 ஜூலை 2ஆம் நாள் கனடா அரசு அக்கடலில் காட் மீன்பிடிப்புக்குத் தடை விதித்தது. ஏறத்தாழ 30,000 பேர் ஒரே அறிவிப்பில் தொழிலிழந்தனர். பின்னர்ச் சில மீனவர்களுக்கு மட்டும் கடலுக்குச் செல்ல அனுமதி கிடைத்தது. எதற்காக? விஞ்ஞானிகளுக்காக மீனைப் பிடித்து, அளந்து, அடையாளச் சீட்டு மாட்டி, மீண்டும் நீரில் விடுவதற்காக! கைக்கு வந்த இரணத்தைத் தாமே கடலுக்குத் திருப்பிக் கொடுக்கும் அம்மனிதர்களை ஆசிரியர் மிகைச்சொல் ஏதுமின்றிக் காட்டுகிறார். நூல் முழுவதிலும் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்த பகுதி இதுவே.

இத்தகைய வழக்கில் நாம் எதிர்பார்ப்பது ஒன்றுண்டு. மீன் குறைகிறது, நிறுத்துங்கள் என்பார் விஞ்ஞானி. கடலில் மீன் வற்றுமா என்பார் மீனவர். நியூபவுண்ட்லாந்தில் நடந்ததோ தலைகீழ். மீன் குறைகிறது என்று முதலில் முறையிட்டவர்கள் கரையோர மீனவர்கள். கேப்லின் என்னும் சிறுமீனைத் துரத்திக்கொண்டு கோடையில் கரைப்பக்கம் வரும் காட்டை, தூண்டிற்கயிற்றாலும் ஒரே இடத்தில் கட்டி நிறுத்திய வலைகளாலும் பிடிப்பவர்கள் அவர்கள். மீனைத் தேடிப் போகிறவர்களல்லர். மீன் வந்தால்தான் அவர்களுக்குப் பிடிப்பு. ஆகவே 1980களில் வரவு குறைந்ததும், வந்த மீனும் சிறுத்ததும் அவர்களுக்கு உடனே புலனாயிற்று. அரசாங்க விஞ்ஞானிகளோ மீன்வளம் பெருகி வருவதாகவே கணக்கிட்டனர். தம் ஆய்வுக் கப்பல்களின் கணக்கோடு, ஆழ்கடல் இழுவைக் கப்பல்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பிடிக்கின்றன என்பதையும் அவர்கள் அளவுகோலாகக் கொண்டிருந்தனர். பிழை அங்கேதான் நுழைந்தது. ஒலியலைக் கருவி கொண்டு மீன் கூட்டத்தைத் தேடிச் செல்லும் கப்பலுக்கு, கடலில் எஞ்சியிருப்பது ஒரே கூட்டமாயினும் வலை நிரம்பத்தானே செய்யும்? களஞ்சியத்தின் கடைசி மூட்டையைப் பிரித்தவன் கை நிறைய நெல் அள்ளிக் காட்டிய கதை அது.

1977ஆம் ஆண்டில் கனடா தன் கடல் எல்லையை 200 மைலாக விரித்து, அயல்நாட்டுக் கப்பல்களைப் பெருமளவு விலக்கியது. அதுவரை பெருமளவு மீனை அள்ளிச் சென்ற கப்பற்படை விலகியதால் இனிக் கவலையில்லை என்ற மிதப்பு எல்லோரையும் பிடித்துக்கொண்டது. விஞ்ஞானிகள் தம் தவற்றை உணர்ந்து, 1989இல் பிடிப்பளவை 1,25,000 டன்னாகக் குறைக்கச் சொன்னபோது, அரசு நிர்ணயித்த அளவு 2,35,000 டன். இதை மறந்துவிட்டு விஞ்ஞானிகளை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுவது நீதியாகாது.

ஆசிரியரின் பெருந்திறமை இவ்வழக்கின் பழமையைக் காட்டுவதில் இருக்கிறது. 1860களில் பிரிட்டிஷ் ஆணைக்குழு ஒன்றின் முன் தூண்டில் மீனவர்கள் இழுவை வலைகளின்மீது முறையிட்டார்கள். அக்குழுவில் இருந்தவர் புகழ்பெற்ற விஞ்ஞானி டி. எச். ஹக்ஸ்லி. முறையீடு தள்ளுபடியாயிற்று, இருந்த கட்டுப்பாடுகளையும் நீக்கலாம் என்று 1866இல் பரிந்துரை வந்தது. 1883இல் அதே ஹக்ஸ்லி, காட் போன்ற பெருங்கடல் மீன்கள் வற்றாதவை என்று லண்டனில் பேசினார். படித்தவர் சொல்லுக்கு இருந்த மதிப்பு, கடலில் தலை நரைத்தவர் சொல்லுக்கு அன்றும் இல்லை.

ஆனால் என் மனக்குறை ஒன்று உண்டு. நூலின் பிற்பகுதியில் ஆசிரியர் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கரைக்கு வருகிறார். அங்கே எச்சரித்தவர்கள் விஞ்ஞானிகள். நம்ப மறுத்தவர்கள் மீனவர்கள். ஒரே மீன், ஒரே காலம், வழக்கு மட்டும் எதிர்மாறு. இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தி, யார் எதைக் காணும் இடத்தில் இருந்தார் என்று கேட்டிருந்தால் நூல் வேறோர் உயரத்தை எட்டியிருக்கும். கரையில் நின்றவருக்குக் குறைவு தெரிந்தது. மீனைத் துரத்திச் சென்றவருக்குத் தெரியவில்லை. மீனவர் என்ற ஒரே பெயரால் இருவரையும் அழைப்பதே குழப்பத்தின் தொடக்கம். ஆசிரியர் இதன் வாசல்வரை வந்து, மற்றொரு சமையற்குறிப்பின் பக்கம் திரும்பிவிடுகிறார். மீனவர்களை அவர் தெய்வமாக்கிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பழியைச் சீல்களின்மீதும் அயலார்மீதும் போடும் அவர்களின் வழக்கத்தைச் சிரிப்போடு பதிவு செய்திருக்கிறார்.

நூல் வெளிவந்து கால் நூற்றாண்டு கடந்தபின், 2024 ஜூனில் கனடா அரசு தடையை நீக்கி 18,000 டன் பிடிக்க அனுமதித்தது. அதில் பெரிய இழுவைக் கப்பல்களுக்கும் பங்குண்டு என்றது. மீன் இன்னும் தேறவில்லை, கப்பல்களை உள்ளே விடாதீர் என்று எதிர்த்து நின்றது அத்தீவு மீனவர்களின் தொழிற்சங்கம். குர்லான்ஸ்கி இனியொரு பதிப்புக்குப் பேனா எடுப்பாரானால், தொடங்க வேண்டிய அத்தியாயம் அது.