கொல்லர் வீட்டுப் பிள்ளை

குஸ்னெத்ஸோவ். இந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ரஷ்யர்கள் அழுத்தத்தைக் கடைசி அசையில் போடுவார்கள். முதல் இரண்டு அசைகளில் கை ஓங்குகிறது. 'ஸோவ்' என்னும்போது சம்மட்டி இறங்குகிறது. இரும்படிக்கும் தொழிலில் பிறந்த பெயருக்கு அந்தத் தொழிலின் தாளமே அமைந்துவிட்டது தற்செயல்தான். ஆனாலும் ரஷ்யக் குடும்பப் பெயர்களில் எனக்கு இதைவிடப் பிடித்தது வேறில்லை.

'குஸ்னெத்ஸ்' என்றால் கொல்லன். 'ஓவ்' என்ற விகுதி 'யாருடைய?' என்ற கேள்விக்குப் பதில். பின்னால் 'மகன்' என்ற சொல்லும் ஒருகாலத்தில் சேர்ந்தே வந்தது. நாளடைவில் அது உதிர்ந்து உரிமை விகுதி மட்டும் தங்கிவிட்டது. ஆங்கிலத்து ஸ்மித்தும் ஜெர்மானிய ஷ்மிட்டும் கொல்லனையே சொல்கின்றன. ரஷ்யப் பெயர் சொல்வதோ கொல்லனின் பிள்ளையை. 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று ஊரார் கேட்டதும், 'கொல்லர் வீட்டுப் பிள்ளை' என்று பதில் வந்ததும் இந்த ஒரு சொல்லுக்குள் அப்படியே இருக்கின்றன. பெண்ணென்றால் குஸ்னெத்ஸோவா. 2004இல் அமெரிக்க ஓப்பனையும் 2009இல் பிரெஞ்ச் ஓப்பனையும் வென்ற ஸ்வெத்லானா குஸ்னெத்ஸோவா, பெயரளவில் கொல்லர் வீட்டுப் பெண். விகுதியே இல்லாமல் கொல்லனாகவே நின்றவரும் உண்டு: நாட்டு வருமானத்தை அளக்கும் முறையை வகுத்து 1971இல் நோபல் பரிசு பெற்ற சைமன் குஸ்னெத்ஸ்.

இந்தப் பெயரை இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் ஒரு பழைய ரஷ்யத் தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மாஸ்கோவுக்கு அருகே கிஜெல் என்ற மண்பாண்ட வட்டாரத்தில் கொல்லுப்பட்டறை வைத்திருந்த ஒரு குடும்பம் பீங்கான் தொழிலுக்கு மாறியது. அந்தக் குடும்பத்துத் தெரெந்தி குஸ்னெத்ஸோவ் 1832இல் துலேவோ ஆலையைத் தொடங்கினார். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் மத்வேய் குஸ்னெத்ஸோவ் ரஷ்யப் பேரரசின் மிகப் பெரிய பீங்கான் உற்பத்தியாளராகிவிட்டார். அவருடைய கிண்ணங்களின் அடியில் பொறித்த முத்திரையில் 'குஸ்னெத்ஸோவா' என்றிருக்கும். அது பெண்ணின் பெயரல்ல, 'குஸ்னெத்ஸோவின்' என்று பொருள்படும் வேற்றுமை வடிவம். அதாவது, கொல்லனுடையவனுடைய கிண்ணம்! சம்மட்டி பிடித்தவர்களின் வாரிசுகள் விரல் பட்டால் உடையும் பீங்கானை வனைந்தார்கள். இரும்பின் நினைவு மட்டும் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டது.

இதே வேரில் கிளைத்த இன்னொரு சொல் 'கொவால்'. உக்ரைனில் கொல்லனுக்கு அதுதான் பெயர். அங்கே கொவாலென்கோ, கொவால்ச்சூக், போலந்தில் கொவால்ஸ்கி, செர்பியாவில் கொவாச்செவிச். 'என்கோ'வும் 'இச்'சும் பிள்ளையைக் குறிக்கும் விகுதிகளே; ரஷ்யாவில் உதிர்ந்த மகன் இங்கே வேறு உருவில் வந்து நிற்கிறான். ஹங்கேரிய மொழி ஸ்லாவியக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. இருந்தும் கொல்லனுக்கான சொல்லை ஸ்லாவியரிடமிருந்தே எடுத்துக்கொண்டது. கோவாச் என்பது இன்று அந்நாட்டில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் ஒன்று. உக்ரைன் மண்ணில் பிறந்த கோகல், 1836இல் வெளிவந்த 'மூக்கு' கதையில் மூக்கைத் தொலைத்த அதிகாரிக்குக் கொவல்யோவ் என்று பெயர் வைத்தார். பதவி மிடுக்கில் திரியும் மனிதர், பெயரிலோ கொல்லர் வீட்டுப் பிள்ளை. அந்தப் பொருத்தத்தை நான் ஒவ்வொரு வாசிப்பிலும் ரசிக்கிறேன்.

எல்லை தாண்டும்போது எழுத்துக்கூட்டலும் மாறுகிறது. லாத்வியர்கள் தங்கள் ஆண்பால் விகுதியையும் சேர்த்துக் குஸ்னெத்ஸோவ்ஸ் என்பார்கள். தமிழிலும் அச்சுக்கு அச்சு மாறுகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாஸ்கோவில் அச்சாகி வந்த மொழிபெயர்ப்புகளில் இந்தப் பெயர்களைப் பார்த்து மலைத்து, பக்கத்தைத் தள்ளியவர்கள் நம்மில் பலர். அடுத்த முறை 'ஓவ்' என்று முடியும் பெயர் வந்தால் தள்ளிவிடாதீர்கள். 'யாருடைய?' என்று கேளுங்கள். இவானோவ் இவானுடையவன், வோல்கோவ் ஓநாயுடையவன், குஸ்னெத்ஸோவ் கொல்லனுடையவன்.