அறிவித்துவிட்டால் கடமை முடிந்ததா?

வீதி நெரிசலை அந்தக் கணமே கைத்தொலைபேசியில் பார்க்க முடிவது சாதாரண மனிதனுக்குக் கிடைத்த பலம் என்று அண்மையில் நண்பரொருவர் வாதிட்டார். அவர் வீட்டிலிருந்தபடி கணனியில் வேலை பார்ப்பவர். எனக்கு வெதரில் பார்க்கில் காலை 6 மணிக்கு ஷிப்ட்.

இவ்விடயத்தில் சிட்னிக்குத் தனிப்பெருமை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 1970களில் இங்கு உருவான 'ஸ்கற்ஸ்' முறையில், தார் றோட்டின் கீழ் புதைக்கப்பட்ட கம்பிச்சுருள்கள் வாகனங்களை உணர, அதற்கேற்பக் கணனி சிக்னல் விளக்குகளின் நேரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. பல வெளிநாட்டு நகரங்களும் இதனைப் பயன்படுத்துகின்றன. 2005 பெப்ரவரியில் வெளிவந்த கூகுள் வரைபடத்தின் தொடக்கமும் இந்நகரிலேதான்: 2003இல் நால்வர் இங்கு ஆரம்பித்த சிறு கம்பனியைக் கூகுள் மறுவருடம் வாங்கியது. முன்னர் புவியியல் கற்பித்தவன் என்ற வகையில் இரண்டையும் வியக்கிறேன்.

நண்பர் கவனிக்காதது இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை. முதலாவதில் நெரிசல் பற்றிய அறிவு வீதியையே மாற்றுகிறது. கையில் தொலைபேசி இல்லாதவனுக்கும் பச்சை விளக்கு எரியும். இரண்டாவதில் வீதி அப்படியே கிடக்கும், நான்தான் மாறவேண்டும். கார் வைத்திருப்பவன் வேறு பாதையால் போவான். பஸ்ஸுக்கு நிற்பவன், '17 நிமிடம் தாமதம்' என்ற செய்தியை வாசித்துவிட்டு அந்த 17 நிமிடமும் நிற்பான்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை, வழியில் விபத்து. பிந்திப் போய்ச் சேர்ந்தேன். மேற்பார்வையாளர் தன் தொலைபேசியிலிருந்த சிவப்புக் கோட்டைக் காட்டி, "இது உமக்கும் தெரிந்திருக்குமே, ஏன் முந்தி வெளிக்கிடவில்லை?" என்றார். கால்மணிச் சம்பளம் போயிற்று. முன்பென்றால் பஸ் பிந்தியது பஸ்ஸின் குற்றம். இப்போது, அறிந்தும் பிந்திய என் குற்றம். அதற்கு முந்திய பஸ் கிடையாது என்பதை அந்தப் படம் காட்டாது.

ஊரில், எதிரே சைக்கிளில் வருபவர் "சந்தியில் சுற்றிவளைப்பு, திரும்புங்கோ மாஸ்ரர்" என்பார். அவரும் திரும்பி வந்தவர்தான். சொன்னவருக்கும் கேட்டவருக்கும் ஒரே ஆபத்து.

அந்தச் சிவப்புக் கோடும் எங்களால் ஆனதே. 2009 முதல் கூகுள், வீதியில் நகரும் தொலைபேசிகளைக் கொண்டே நெரிசலைக் கணிக்கிறது. 2020இல் பேர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 தொலைபேசிகளைக் கைவண்டியில் இழுத்துச்சென்று, வெறும் வீதியைச் சிவப்பாக்கிக் காட்டினார். பஸ்களின் நடமாட்டமோ அரசாங்கத்திடமே நாள்தோறும் பதிவாகிறது. எந்த பஸ் எங்கே எவ்வளவு பிந்துகிறது என்று எங்களுக்குச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, இன்னொரு பஸ் விடவேண்டிய இடமும் தெரியாமலா இருக்கும்?

எங்கள் ஷிப்டில் 11 பேர் அதே பஸ்ஸில் வருகிறோம். முந்தி ஒரு பஸ் கேட்டு எழுதிய கடிதத்தில் 8 பேர் கையெழுத்திட்டிருக்கிறோம். மற்ற மூவரும் தற்காலிகத் தொழிலாளர், பயப்படுகிறார்கள்.